உச்சிக்காலக் குடம்

இலந்தைக்குடியில் சிவந்தியம்மை என்றோர் அடியார் வாழ்ந்தார். ஆற்றில் நீர் மொண்டு வீடுகளுக்குச் சுமப்பது அவர் பிழைப்பு. நாள்தோறும் உச்சிக்காலப் பூசைக்கு இலந்தைநாதருக்கென்று ஒரு குடம் கொண்டுபோய் வைப்பார். அந்த ஒரு குடத்துக்காகத்தான் இந்த உடம்பே என்று நினைத்த மகராசி.

கூரை வீடுகள் நிறைந்த ஊர் அது. கோடைக்காற்றில் ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் பங்குனி பிறந்ததும் ஊர்ச்சபையார் தெருமுனைதோறும் மண்தொட்டி வைத்து நீர் நிரப்பச் சொல்வார்கள். காற்று எழுந்தால் அடுப்பை அணைக்கும்படி முரசறைவிப்பார்கள். தொட்டி நிரப்பும் வேலை சிவந்தியம்மைக்கு வாய்த்தது. ஒவ்வொரு தொட்டியிலும் "சிவசிவ" என்று சொல்லித்தான் ஊற்றுவார். அதுவும் திருமஞ்சனம்தானே அவருக்கு!

சில கோடைகள் தீயில்லாமல் கழிந்தன. சபையாரும் தொட்டிகளைப் போய்ப் பார்ப்பதை விட்டார்கள். தெருமுனை வீட்டில் செக்காட்டும் மருதன் தன் வாசல் தொட்டி நீரைக் கவிழ்த்துவிட்டுப் பிண்ணாக்கைக் கொட்டி வைத்தான்.

"ஏத்தா சிவந்தி, வராத நெருப்புக்கு எத்தனை நாளைக்குத் தண்ணி காட்டுவே?" என்று கேட்டான். தெருவே சிரித்தது.

"வராம இருக்கட்டும்னுதாண்ணே ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டு அம்மையார் அடுத்த தொட்டிக்குப் போனார். மருதன் கெட்டவன் இல்லை, கண்ணுகளா. ஆபத்து வராத வரைக்கும் நாமும் அப்படித்தானே இருக்கிறோம்.

ஒரு நண்பகல். இறைவனுக்குரிய குடத்தோடு அம்மையார் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தபோது மருதன் வீட்டுக் கூரை பற்றிக்கொண்டது. முரசு அதிர்ந்தது. சபையார் துரட்டிகளோடு ஓடிவந்து பக்கத்துக் கூரைகளைப் பிரித்தார்கள். தெருமுனைத் தொட்டிகளின் நீரால் அவ்வீடுகளை நனைத்தார்கள். மருதன் தன் தொட்டிக்குள் கைவிட்டான். பிண்ணாக்குத்தான் வந்தது. உள்ளே கைக்குழந்தையோடு அவன் மனைவி. வாசல் கீற்று எரிகிறது.

கோயிலில் பூசைமணி ஒலித்தது. குடம் தவறினால் அந்தத் தொண்டு வேறு கைக்குப் போய்விடும். அதுதான் கோயில் கட்டளை. அம்மையார் கண்ணை மூடினார்.

"அப்பா, ஒனக்கு வச்சதை இவளுக்குக் கொடுக்கிறேன். பொறுத்துக்க."

வாசலில் குடத்தைக் கவிழ்த்தார். தீ தணிந்த அந்த இடைவெளியில் தாயும் பிள்ளையும் வெளியே வந்தார்கள். மருதன் அம்மையார் காலில் விழுந்தான்.

அம்மையார் வெறுங்குடத்தோடு சந்நிதியில் நின்றார். "இனி வேற ஆள வச்சுக்குங்க சாமி" என்றார் குருக்களிடம்.

குருக்கள் திரை விலக்கினார். இலந்தைநாதர் திருமேனியெங்கும் நீர் வழிந்தது. கோமுகியில் ஆற்றுநீர் பெருகி ஓடியது. வெள்ளைப் பரிவட்டத்தில் கூரைக்கரி படிந்திருந்தது.

"திருமஞ்சனம் ஆயிடுத்தேம்மா" என்றார் குருக்கள்.

உச்சிக்காலக் குடத் தொண்டு அம்மையாரிடமே நிலைத்தது. அன்றுமுதல் கோடையில், தொட்டிகள் நிறைந்திருக்கின்றனவா என்று சபையார் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகே உச்சிக்கால மணி ஒலிக்கும். மருதன் வீட்டுத் தொட்டிதான் முதலில் நிறைந்திருக்கும்.

இறைவனுக்குரிய குடத்தால் ஒரு குழந்தையையும் அதன் தாயையும் குளிர்வித்த சிவந்தியம்மையின் ஈரக் கைகளை நன்றியோடு கும்பிடுவோம்.