கடுகுத் தட்டும் மூன்றாவது வண்டியும்

நெடுங்கரை நாட்டு ராஜா கொற்றவேலுக்கு எதையும் அளந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பட்டத்து யானையின் வாலைக்கூட முழம் போட்டுப் பார்த்தவர். அப்பேர்ப்பட்டவர் முரசு வண்டிப் போட்டி வைத்தால் சும்மா விடுவாரா? சத்தத்தையும் அளந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்.

போட்டி வெறும் வேடிக்கைக்கு அல்ல. போன ஐப்பசியில் நாணலாறு உடைத்துக்கொண்டு வந்தபோது, கரைக்காவல் முரசு அடுத்த தெருவுக்கே எட்டவில்லை. மூன்று ஊர்கள் முழுகிப் போயின. இனிமேல் வண்டியில் ஏற்றிய முரசு ஒன்று கரையோரமாக ஓடிக்கொண்டே முழங்க வேண்டும். எந்த வண்டியின் முழக்கம் பெரிதோ, கரைக்காவலும் அதற்கான மானிய நிலமும் அதற்குத்தான்.

முன்பெல்லாம் சத்தத்துக்கு நடுவர் காதுதான். அவரவர் மைத்துனன் அடித்ததே பெரிய சத்தம் என்று சாதிப்பார்கள். கடைசியில் மண்டைகள் உடையும். ராஜா மூளையைக் கசக்கி ஒரு தட்டு செய்தார். தட்டின் வாயில் மெல்லிய ஆட்டுத்தோல். தோலின் மேல் எண்ணி நூறு கடுகு. வண்டி வாசலுக்கு நேராக ஒரு முழத்தில் தட்டை வைக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரே ஒரு முழக்கம். தோல் அதிர்ந்து யாருக்கு அதிகக் கடுகு கீழே விழுகிறதோ, அவருக்கே வெற்றி.

"காதுக்குக் கட்சி உண்டு. கடுகுக்குக் கட்சி கிடையாது!" என்று சபையில் சொல்லிப் பூரித்துப் போனார். ராஜா பூரித்த பிறகு அதில் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

போட்டிக்கு இரண்டே வண்டிகள். முதல் வண்டி கரையூர்க் காத்தாயியுடையது. போன வெள்ளத்தில் வீட்டையும் மாடுகளையும் பறிகொடுத்தவள். ஒரு வருஷம் பாடுபட்டுத் தானே முரசு கட்டியிருந்தாள். அவள் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பிவிட்டன. அரண்மனை விகடகவி வில்லியப்பனுக்குப் பல்லெல்லாம் கூசியது. கீழே விழுந்த கடுகு முப்பத்தொன்று.

அடுத்தது தளபதி செம்பியராயனின் வண்டி. சுற்றிலும் பலகை அடைத்து, முன்னால் மட்டும் தலை நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே அடித்தார்கள். 'தொப்' என்று ஒரு சத்தம். புறாக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தட்டில் இருந்து எண்பத்தாறு கடுகு பறந்தது!

தட்டுக்குப் பக்கத்தில் நின்ற வில்லியப்பனின் தோள் துண்டும் சேர்ந்து பறந்தது. குனிந்து எடுத்தவன் துளையைப் பார்த்தான். தளபதியின் முகத்தைப் பார்த்தான். விஷயம் விளங்கிவிட்டது.

காத்தாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மானியமும் வேணாம், மண்ணும் வேணாம் சாமி. அந்த வண்டி கரையில போயி தொப்புனு அடிச்சா யாருக்குக் கேக்கும்? எங்க சனம் மறுபடியும் முழுகணுமா?"

வில்லியப்பன் யோசித்தான். தளபதி ஏமாற்றுகிறார் என்றால் சாட்சி கேட்பார்கள். தட்டில் பிசகு என்றால் ராஜாவுக்கே பிசகு. என்ன செய்வது?

"மகாராஜா, மூன்றாவது வண்டி ஒன்று இருக்கிறது!"

"யாருடையது?"

"அடியேனுடையது."

தன் கூண்டு வண்டியை ஓட்டி வந்து நிறுத்தினான். ஏறி உள்ளே உட்கார்ந்தான். சேவகர்கள் புதிதாக நூறு கடுகு பரப்பித் தட்டை ஒரு முழத்தில் வைத்தார்கள். முரசைக் காணோமே என்று ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வில்லியப்பன் மடியில் இருந்து பொடிமட்டையை எடுத்தான். ஒரு சிமிட்டா பொடியை இழுத்தான். கண்ணை மூடி, மூக்கை விரித்து, வாசலுக்கு நேராக முகத்தை நீட்டினான்.

"ஹ... ஹ... ஹச்சூ!"

தட்டில் ஒரு கடுகு மிச்சமில்லை. பாதி, தட்டுக்குப் பின்னால் நின்ற தளபதியின் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வில்லியப்பன் மூக்கைத் துடைத்தபடி இறங்கினான். "வண்டிக்குள்ளேயிருந்து ஒரே முழக்கம். ஒரு முழ தூரம். நூற்றுக்கு நூறு. கரைக்காவலை எனக்கே கொடுங்கள், மகாராஜா."

ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன விளையாட்டு இது? ஆறு உடைத்து வரும்போது கரையில் நின்று தும்முவாயா? உன் தும்மல் எவ்வளவு தூரம் கேட்கும்?"

"தளபதியாரின் முரசு கேட்கிற தூரம் வரைக்கும் கேட்கும், மகாராஜா."

ராஜா தளபதியின் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல எழுந்து போய் அந்தத் துளைக்கு எதிரே நின்றார். "அடி" என்றார். 'தொப்' என்றது. ராஜாவின் தலைப்பாகை பின்னால் போய் விழுந்தது.

"காற்று!" என்றார் ராஜா.

"காதால் கேட்டால் சத்தம், துண்டால் கேட்டால் காற்று. பாவம், கடுகுக்குக் காதும் இல்லை, துண்டும் இல்லை. நடுவில் ஒரு சீலையைக் கட்டி அளந்து பாருங்கள். காற்று நின்றுவிடும், சத்தம் நுழைந்து வரும்."

சீலை கட்டினார்கள். அதே தட்டு, அதே ஒரு முழம். வில்லியப்பன் தும்மினான். ஒன்றும் விழவில்லை. தளபதியின் வண்டிக்கு நான்கு. காத்தாயியின் வண்டிக்கு இருபத்தொன்பது! போன புறாக்கள் அப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. மறுபடியும் கிளம்பின.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரைக்காவலும் மானியமும் காத்தாயிக்கு என்று அங்கேயே முத்திரை போட்டார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வில்லியப்பனுக்குப் போட்டார். காத்தாயி அழுதுகொண்டே வண்டியைத் திருப்பி ஆற்றங்கரைக்கு ஓட்டினாள்.

தளபதி மீசையைத் தட்டிவிட்டு முன்னால் வந்தார். "மகாராஜா, அப்படியானால் என் வண்டி?"

"வீணாகப் போகாது, தளபதி. கொல்லன் பட்டறையில் துருத்தி கிழிந்து கிடக்கிறதாம். நேரே அங்கே ஓட்டிக்கொண்டு போ!"