மணம் உண்டு

அரங்கநாயகத்தின் டாக்டர் பட்டம் ஒரே ஒரு கையெழுத்தில் வந்து நின்றது.

கையெழுத்துப் போட வேண்டியவர் ஜெசிந்தா. அவருடைய ஆய்வு வழிகாட்டி. வழிகாட்டி என்றாலும் வயதில் மிகவும் சின்னவர். அரங்கநாயகமோ கல்லூரியில் காலமெல்லாம் தாவரவியல் நடத்திவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். அதனால் சீடர் குருவை "மேடம்" என்பார், குரு சீடரை "சார்" என்பார். மலைமேல் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் இது ஒரு வேடிக்கை.

அரங்கநாயகத்தின் ஆசை கொஞ்சம் பெரியது. பெட்டூனியாவில் இரண்டு காட்டினங்களை அவர் வளர்த்தார். ஒன்று வெள்ளை. அந்தி சாய்ந்ததும் அந்துப்பூச்சியை அழைத்து மணக்கும். இன்னொன்று சிவப்பு. அதைத் தேடி வருவது தேன் குடிக்கிற குருவி. குருவிக்கு நிறமே போதும் என்பதாலோ என்னவோ, அதற்கு மணம் கிடையாது. இரண்டையும் கலந்து, சிவப்பாகப் பூத்து மணக்கவும் மணக்கிற ஒரு செடியை எடுத்துக் காட்ட வேண்டும். சிவப்பும் மணமும் சேர்ந்து வருவது கஷ்டம் என்று தெரிந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

கலப்புச் செடிகளின் வாரிசுகளில் சில சிவப்பாகப் பூத்தன. மாலைதோறும் அவற்றை முகர்ந்தார். மணந்தது. ஒவ்வொரு செடியிலும் "மணம் உண்டு" என்று சீட்டு எழுதிக் கட்டினார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். ஆய்வேட்டையும் எழுதி முடித்துவிட்டார். இனிமேல் கெடு நீட்ட முடியாது என்று பல்கலைக்கழகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. இந்த மாதம் கொடுத்தால் பட்டம், கொடுக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் பாழ்.

ஏட்டைப் படித்து முடித்த ஜெசிந்தா ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"முகர்ந்து பார்த்தது யாரு சார்?"

"நான்தான் மேடம். வாசனையை அளக்கிற மெஷின்தான் ரிப்பேர்ல கிடக்கே."

"வேற யாரும் பார்க்கலையா?"

"வேற யாரை நம்புறது? டீயைக் குடிச்சுட்டு, வெத்தலையைப் போட்டுட்டு வந்து நிப்பாங்க."

"சரி, வாங்க. அந்தியாச்சு. இப்பவே ஒரு தடவை பார்த்துரலாம்."

பசுமைக்குடிலுக்குப் போனார்கள். ஜெசிந்தா ஒரு முக்காலியைக் காட்டி, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அரங்கநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில் கண்ணாமூச்சியா என்று நினைத்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

மூக்குக்கு நேராக முதல் தொட்டி வந்தது. இழுத்து முகர்ந்தார்.

"இது எந்தச் செடி மேடம்?"

"அதைச் சொல்ல மாட்டேன். மணக்குதா?"

"மணக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு… இல்லைன்னே வச்சுக்கங்க."

இரண்டாவது தொட்டி வந்தது.

"இதுல நிச்சயமா இல்லை."

மூன்றாவது. அரங்கநாயகம் முகர்ந்தார், தலையைத் திருப்பி மூச்சு விட்டார், மறுபடி முகர்ந்தார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"செடி எதுன்னு தெரிஞ்சாத்தானே மேடம் சரியாச் சொல்ல முடியும்?"

ஜெசிந்தா தொட்டியை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

"சரி, சொல்றேன். இது உங்க செல்லம். மேல் வரிசையில ஓரமா நிக்குமே, அது."

"அப்படிச் சொல்லுங்க! அதான் குப்புனு அடிக்குது!"

"கட்டை அவிழ்த்துட்டுப் பாருங்க சார்."

அவிழ்த்துப் பார்த்தார். எதிரே இருந்தது அவருடைய செல்லம் இல்லை. கலப்புக்கு முன்பிருந்த சிவப்புக் காட்டினம். "மணம் இல்லை" என்று அவரே எழுதிய சீட்டு அதில் தொங்கியது. கீழே இருந்த மற்ற இரண்டு தொட்டிகளிலும் "மணம் உண்டு" என்ற சீட்டு இருந்தது. அதுவும் அவர் கையெழுத்துதான்.

மூக்கறுபட்டது என்று பேச்சுக்குச் சொல்வோம். அரங்கநாயகத்துக்கு அன்றைக்கு அது நிஜமாகவே நடந்தது.

"நீங்க பொய் சொன்னீங்க மேடம்."

"ஆமா சார், சொன்னேன். உங்க மூக்கு எதுக்கு அதுக்கு ஒத்து ஊதுச்சு?"

அவருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது வடிந்து, அழுகை முட்டியது. அதை மறைக்க ஏட்டைப் பிரித்து, வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை உருவி நீட்டினார்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன் மேடம். என் சம்சாரம் பூமாலைக்குக்கூடச் சொல்லி வச்சுட்டா. தேர்வு நடத்த வர்றவர் செடியை முகர்ந்தா பார்க்கப்போறார்? ஏட்டைத்தான் பார்ப்பார். செடி என்னுது, மூக்கு என்னுது. நான் இருக்குன்னு சொல்றேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்? போட்டுருங்க மேடம்."

ஜெசிந்தா பக்கத்தை வாங்கிக்கொண்டார். வெள்ளைக் காட்டினம் நின்ற வரிசைக்கு நடந்தார். அரங்கநாயகம் பின்னாலேயே போனார்.

"சார், இந்தப் பூவோட மகரந்தத்தை எடுத்து இதுக்கே வைங்க."

"வீண் வேலை மேடம். காய் பிடிக்காது."

"ஏன்? கெட்ட மகரந்தமா?"

"நல்ல மகரந்தம்தான். சூல்முடியில ஒட்டும், முளைக்கும், குழாய் விட்டு உள்ள இறங்கக்கூடச் செய்யும். பாதி வழியில பூவே அதை நிறுத்திரும்."

"எதுக்கு நிறுத்தணும்?"

"அது தன்னோடதுன்னு கண்டுபிடிச்சிரும். வேற செடியிலேருந்து வர்றதைத்தான் ஏத்துக்கும்."

"ஆனா இதே செடியில சுயவிதை எடுத்து வச்சிருக்கீங்களே?"

"அது மொட்டுல எடுத்தது மேடம்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தெளிந்தது. எத்தனையோ வகுப்புகளில் நடத்திய பாடம். அழ வேண்டும் போலிருக்கும் நேரத்திலும் தெரிந்ததைச் சொல்லும்போது வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

"செஞ்சு காட்டுங்க."

அரங்கநாயகம் இடுக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். விரியாத மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நோகாமல் பிரித்தார். முதிராத மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்தார். அதே செடியில் விரிந்திருந்த பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டு, மொட்டுக்குள்ளே சூல்முடியில் வைத்தார்.

"இது காய்க்குமா?"

"காய்க்கும் மேடம்."

"அதே மகரந்தம், அதே செடி. பூ தடுக்கிறதை மொட்டு மட்டும் ஏன் ஏத்துக்குது?"

"அது பிஞ்சு மேடம். தன்னோடது எது, அடுத்ததோடது எதுன்னு அதுக்கு இன்னும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கும். முதிர்ந்தாத்தான் தன்னோடதைத் தடுக்கத் தெரியும்."

ஜெசிந்தா அந்த மொட்டின்மேல் காகித உறையை மாட்டி, காற்றில் பறக்காமல் கிளிப் போட்டார். பிறகு திரும்பினார்.

"உங்களுக்கு என்ன வயசு சார்?"

அரங்கநாயகம், தான் நீட்டிய அந்தக் கையெழுத்து விழாத பக்கத்தை ஜெசிந்தாவின் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.