பத்தொன்பதாம் நாள் காபி

கொள்ளிடக் கரையிலிருந்த அந்த மடத்தில் நாற்பது நாள் நோன்பு. காபி, டீ கூடாது.

பத்தொன்பதாம் நாள் காலை, அகோரம் சக சீடர் கலியமூர்த்தியின் கையைப் பிடித்து இழுத்துவந்து மடத்துத் தலைவி தையல்நாயகி அம்மையார் முன் நிறுத்தினார். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அம்மையார் அவர்களைவிட இளையவர்.

"பஸ் ஸ்டாண்டு கடையில் காபி குடித்தான் அம்மா. இனி மடத்தில் இவன் இருக்க வேண்டும், இல்லை நான்."

கலியமூர்த்தி தலை நிமிரவில்லை. "தலைவலி தாங்கவில்லை அம்மா. முந்தாநாளிலிருந்து வாந்தி வேறு."

"எப்போதிலிருந்து பழக்கம்?"

"எங்கள் வீடே காபி கிளப்பு. மூன்று வயதில் அழுதால் அம்மா டிகாஷனில் விரலைத் தோய்த்து வாயில் வைப்பாள். வீட்டில் எல்லோருக்கும் ஆறு, ஏழு டம்ளர். குடித்த கையோடு தூங்கிவிடுவோம்."

"நானும்தான் இருக்கிறேன்!" அகோரத்தின் குரல் உயர்ந்தது. "ஐம்பத்திரண்டு வருஷம். ஒரு சொட்டு தொட்டதில்லை."

"வீட்டில்?"

"அப்பாவுக்கு ஆகாது, தாத்தாவுக்கும் ஆகாது. வீட்டில் காபித்தூள் வாங்கியதே இல்லை."

அம்மையார் கடையிலிருந்து ஒரு காபி வரவழைத்து அகோரம் முன் வைத்தார்.

"குடியுங்கள்."

"அம்மா, நோன்பு..."

"நான் சொல்கிறேன்."

அகோரம் முகத்தைச் சுளித்தபடி குடித்து முடித்தார். கால் மணி நேரம் போனது. பிறகு அவர் நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"இன்னொரு டம்ளர்?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

"இவருக்கு வேண்டும்," என்றார் அம்மையார். "வேண்டும் வேண்டும் என்றே பதினெட்டு நாள் இருந்திருக்கிறார். கலியமூர்த்தி, நாளை உங்களுக்கு மறுபடி முதல் நாள்."

கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியானால் நோன்புக்கு நான் எதை விடுவது?" அகோரத்தின் குரல் உடைந்தது.

"இவர் கடைக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவன் எங்கே போனாலும் தினமும் பின்னாலேயே போனேன். முதல் நாளிலிருந்தே."

"நாளைக்கு ஒருநாள் போகாமல் இருந்து பாருங்கள்."