தொலைநோக்கிக்குத் திருஷ்டிப் பொட்டு

கோணவயல் நடுநிலைப் பள்ளியில் சொன்ன பேச்சைத் தட்டுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அந்த ஊருக்கு வந்த வில்லங்கமெல்லாம் அதனால்தான் வந்தது.

அங்கே அறிவியல் நடத்தியவர் செங்கமலம் டீச்சர். நிலாப் பாடம் வந்தால் வீட்டிலிருந்து ஒரு ஊத்தப்பம் கொண்டுவந்து காட்டுவார். பாடம் முடிவதற்குள் பிள்ளைகள் அதைப் பிய்த்துத் தின்று அமாவாசை ஆக்கிவிடுவார்கள். நிஜ நிலாவை ஒரு நாளாவது கிட்டத்தில் காட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஏக்கம்.

அந்த ஏக்கம் ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கியது. பல தேசத்துப் பள்ளிகள் சேர்ந்து விண்வெளி படிக்கிற திட்டமாம். கோணவயலுக்கு ஒரு தொலைநோக்கி; கிர்கிஸ்தானில் மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கு அதே மாதிரி இன்னொன்று.

கொண்டுவந்த அதிகாரி கிளம்பும்போது சொன்னார்: "ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் எல்லாரும் ஒரே நேரத்துல நிலாவைப் பார்க்கணும். பார்த்ததைப் பார்த்தபடி வரையணும். ரெண்டு படமும் ஒத்துப்போனா தொலைநோக்கி உங்களுக்கே. இல்லேன்னா வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். அதுவரைக்கும் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்குங்க."

ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் தொலைநோக்கி தலைமையாசிரியர் பொன்னுரங்கத்தின் மடியில் இருந்தது.

"இன்னும் தலை நிக்கலையே டீச்சர்," என்றார் அவர் கவலையாக. "தூக்குறப்ப கழுத்துல கை குடுங்க."

உத்தரத்தில் சேலைத் தூளி கட்டினார்கள். டிரில் மாஸ்டர் சுடலைமுத்து தூளியை ஆட்டிக்கொண்டே பிள்ளைகளுக்கு லெஃப்ட் ரைட் சொன்னார், குசுகுசுவென்று. பிள்ளைகளும் நுனிக்காலில் நடந்தார்கள். குழந்தை முழித்துக்கொண்டால் யார் சமாதானப்படுத்துவது?

சாயங்காலம் வெளியே எடுக்கப் போகும்போது செங்கமலம் டீச்சருக்குத் திக்கென்றது.

"சார், ஊரே பார்க்கப் போகுது. பொட்டு வைக்காம எப்படி வெளிய கொண்டுபோறது?"

நியாயமான பேச்சு. ஆனால் குழந்தைக்கு முகம் எது?

"பெரிய பக்கம்தான் முகம்," என்றார் தலைமையாசிரியர். "குறுகிப் போறது கால்."

"பெரிய பக்கம் வெறும் வாயால்ல சார் இருக்கு? ஆன்னு திறந்திருக்கு."

"வாய் இருக்கிற பக்கம் முகம் இல்லாம முதுகா டீச்சர் இருக்கும்?"

சுடலைமுத்து தொண்டையைச் செருமினார். "எல்லாரும் குனிஞ்சு, முகத்தோட முகம் வெச்சு, ஒத்தைக் கண்ணை மூடிக் கொஞ்சப் போறது எந்தப் பக்கம்?"

"சின்னப் பக்கம்."

"அப்ப அதான் முகம்."

சுடலைமுத்து வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை அதுவரை வந்ததில்லை. அவரே கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பக்கத்துக் கண்ணாடியில், நட்ட நடுவில், செங்கமலம் டீச்சர் கண்மையைக் குழைத்து வைத்தார். கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமே. டிரில் மாஸ்டர் விசில் ஊதியதும் பள்ளிக்கூடம் மொத்தமும் அந்த ஒரு துவாரத்துக்குத் தலையைக் கொடுத்தது. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டு, கோயிலில் விசேஷமோ என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். நெற்றி புடைத்தவர்களெல்லாம் பார்த்தவர்களே என்று தலைமையாசிரியர் தீர்ப்புச் சொன்னார். மிஞ்சிய செங்கமலம் டீச்சர் குனிந்து பார்த்தார். நிலா நடுவே ஒரு பெரிய கருப்பு. பார்த்தபடியே வரைந்தார்.

அன்றைக்கே கிர்கிஸ்தான் பள்ளியின் பெர்மெத் டீச்சர் செல்போன் திரையில் வந்தார். இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பேச்சு நடந்தது. அவர் காட்டிய படத்தில் நிலா பளிச்சென்று இருந்தது.

"உங்க நிலாவுல கருப்பு இல்லையா?"

"இல்லையே."

இரண்டு டீச்சர் முகமும் வாடிவிட்டது. படம் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு குழந்தைகளையும் அல்லவா தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காலித் தூளியை நினைத்ததும் செங்கமலம் டீச்சருக்குக் கண் கலங்கியது.

"வளர்க்கிறதுல ஏதும் குறை வெச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார். தன் குழந்தையைத் திரைக்கு நேரே ஏந்திக் காட்டினார்.

பெர்மெத் டீச்சர் மைப்பொட்டைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "எங்க ஊர்லயும் பச்சைக்குழந்தை நெத்தியில அடுப்புக்கரி தீத்துவோம். கம்பளியில சுத்தினோம், தொட்டில்ல போட்டோம், இதை மறந்துட்டோமே."

மறுநாள் அவர் அனுப்பிய நிலாவில் நட்ட நடுவே கருப்பு. திட்டத்துக்காரர்கள் இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். இம்மி பிசகவில்லை. தேசம் விட்டுத் தேசம் இப்படி ஒத்துப்போய் அவர்கள் பார்த்ததே இல்லையாம். அந்தந்தத் தொலைநோக்கி அந்தந்தப் பள்ளிக்கே என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு ஊரிலும் அதே பேச்சு. இத்தனை பேர் பெருமூச்சு விட்டால் ஒரு பொட்டு எப்படிப் போதும்? செங்கமலம் டீச்சர் பழைய பொட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று வைத்தார்.

நிலா எழும்பியது. குனிந்து பார்த்தவர் நெஞ்சில் கைவைத்தபடி நிமிர்ந்தார். செல்போனில் பெர்மெத் டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நல்ல சேதி. கருப்புக்குக் குட்டி பிறந்திருக்கு."

"தெரியும், இப்பதான் பார்த்தேன்," என்றார் பெர்மெத் டீச்சர். "எங்களுக்கு ரெட்டை."