கோபக் குழம்பும் கஞ்சி குடித்த ராஜாவும்

எல்லார் வீட்டிலும் வேளைக்கு உலை கொதிக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு சொல்கிறேன், கேளுங்கள்.

வெண்குன்றம் என்று ஒரு நாடு. அதை ஆண்ட மாறவேள் ராஜா நல்லவர்தான், தர்மவான். ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். ஒருநாள் மத்தியானம் பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமுமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சபைக்கு வந்தார். பக்கத்து நாட்டுத் தூதுவர் பேச்சுவாக்கில், "உங்கள் பட்டத்து யானை கொஞ்சம் இளைத்திருக்கிறதே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ராஜா தன் கிரீடத்தையே கழற்றி அவர் மேல் வீசிவிட்டார்! நல்லவேளை, தூதுவர் குனிந்துகொண்டார்.

வீசின பிறகு ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரண்மனை வைத்தியர் வேதகிரியைக் கூப்பிட்டு, "எனக்கு ஏன் ஐயா இப்படி வருகிறது?" என்று கேட்டார்.

வேதகிரி படித்தவர். ஆனால் அவருக்கு ஒரு மைத்துனன். வேலைவெட்டி இல்லாமல் அக்கா வீட்டிலேயே தின்றுகொண்டு கிடந்தான். அவனை எப்படியாவது மடைப்பள்ளியில் நுழைத்துவிட வேண்டும் என்று வைத்தியருக்கு ரொம்ப நாளாக ஆசை.

"அரசே, அன்னம் எப்படியோ மனமும் அப்படியே" என்றார் அவர். "பால், நெய், பாசிப்பயறு எல்லாம் சாத்விகம். சாப்பிட்டால் மனசு குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கும். பூண்டு, வெங்காயம், புளி, காரம் எல்லாம் ராஜசம். மனசு கிடந்து குதிக்கும். கிரீடத்தை வீசினது நீங்கள் இல்லை. உங்கள் வயிற்றுக்குள் இருந்த குழம்பு!"

ராஜாவுக்கு அப்பாடா என்றிருந்தது. பழி தன் தலையை விட்டு இறங்கிவிட்டதே!

"அப்படியானால் குழம்பு வைத்தவன்தான் குற்றவாளி. சமையற்காரன் இருளப்பன் மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அதுவரைக்கும் வைத்தியர் சொல்கிற சாப்பாடுதான் எனக்கு."

பாவம் இருளப்பன். சபையில் விகடம் பேசுகிற செவ்வந்தியப்பர் வீட்டுக்கு ஓடினான்.

"ஐயா, இருபது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவன் நான். பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவேன்?"

"அழாதே அப்பா. ராஜாவுக்கு இப்போது என்ன சாப்பாடு?"

"உப்பில்லாத பாசிப்பருப்புக் கஞ்சி, ஐயா. வேளைக்கு ஒரு கிண்ணம்."

"மூன்று நாளும் அதேதானா?"

"அதேதான்."

செவ்வந்தியப்பர் சிரித்தார். "சரி, மூட்டை கட்டாதே. மூன்றாம் நாள் மத்தியானம் அதே பூண்டுக் குழம்பை வை. உன் ஆயுசிலேயே அப்படி ஒரு குழம்பு வைத்திருக்கக் கூடாது. பெரிய பானையாக வை."

மூன்றாம் நாள் வந்தது. ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்து கிடந்தார். "பாருங்கள், எத்தனை சாந்தம்!" என்று வைத்தியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் ராஜாவுக்குக் குரல் எழும்பத் தெம்பில்லை.

செவ்வந்தியப்பர் கும்பிட்டுச் சொன்னார்: "அரசே, இருளப்பன் போகட்டும். ஆனால் குற்றத்தை ஒருமுறை ருசுப்படுத்திவிடுவோம். அதே குழம்பை வைத்தியர் சபையில் சாப்பிடட்டும். அவருக்குக் கோபம் வருகிறதா என்று பார்ப்போம்."

"ஆகட்டும்" என்று முனகினார் ராஜா.

சிம்மாசனத்துக்கு எதிரிலேயே வாழை இலை போட்டார்கள். இருளப்பன் பானையைத் திறந்தான். வதங்கின பூண்டும் நல்லெண்ணெயுமாக வாசனை சபை முழுக்கச் சுற்றி வந்தது. ராஜா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வைத்தியர் ஒரு கவளம் வாயில் வைத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கோபம் வந்தால் ராஜா முன்னால் கத்த வேண்டும், தலை போகும். வராவிட்டால் சாஸ்திரம் போகும்.

செவ்வந்தியப்பர் ஒரு பித்தளைச் செம்பை அவர் பக்கத்தில் வைத்தார். "எறிவதற்கு வசதியாக இருக்கட்டும், சுவாமி. கோபம் வருகிறதா?"

"இன்னும் இல்லை."

"இன்னும் கொஞ்சம் ஊற்று, இருளப்பா!"

ஊற்றினான். இரண்டாம் சோறும் போயிற்று. அப்பளத்தை நொறுக்கினார் வைத்தியர். மூன்றாம் சோற்றில் அவர் கண் சொருகியது.

"இப்போது?"

"கோபமா? அது எதற்கு?" என்றார் வைத்தியர், விரலைச் சப்பிக்கொண்டே. "உலகமே அழகாக இருக்கிறது. எனக்குக் கப உடம்பு ஐயா, சீக்கிரம் வராது. இருளப்பா, அந்த அடிக்குழம்பையும்..."

"நிறுத்தும்!"

சபை நடுங்கிற்று. ராஜா எழுந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "மூன்று நாளாக நான் கஞ்சி குடிக்கிறேன், நீர் அடிக்குழம்பு கேட்கிறீரா? கையை எடும் ஐயா! பானையை இங்கே கொண்டு வாருங்கள்!"

செவ்வந்தியப்பர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அரசே, ராஜசம் தின்றவர் மடத்துச் சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சாத்விகம் சாப்பிட்ட உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது யாரை நாடு கடத்துவது? பாசிப்பயறு பயிரிட்ட குடியானவனையா?"

ராஜா தனக்கும் ஒரு புது இலை போடச் சொன்னார். அதன் முன்னால் உட்கார்ந்தும்விட்டார். மூன்று கவளம் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"இருளப்பன் எங்கேயும் போக வேண்டாம்" என்றார், வாய் நிறையச் சோற்றோடு. "கோபம் என்னுடையதுதான். குழம்பு பாவம்."

வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னம் எப்படியோ மனம் அப்படி என்று நான் சொன்னது பொய் இல்லை, அரசே..."

"யார் பொய் என்றது?" என்றார் செவ்வந்தியப்பர். "அரசர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "செவ்வந்தியப்பரே, உமக்கு ஒரு பரிசு தர வேண்டும். கேளும், என்ன வேண்டும்?"

"இப்போது வேண்டாம், அரசே" என்றார் செவ்வந்தியப்பர் பணிவாக. "பாயசமும் முடியட்டும். அப்புறம் கேட்கிறேன்."