துதிக்கை நிறையச் செம்மண்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது; யானைகளுக்கோ சுருக்கமே இல்லாத தோல் இருந்தது. ஆற்றில் நெடுங்காலம் உருண்ட கருங்கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்த மாத்திரத்தில் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு மினுமினுப்பு. யானைகள் நாளுக்கு மூன்று முறை குளித்தன. வழியில் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் இறங்கிக் குளிக்காமல் தாண்டுவதில்லை என்பது அவற்றின் குலவழக்கம். குளித்தபின் கரையில் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். சற்று நேரம் கழித்து மறுபக்கம் திரும்பி நிற்கும். போகிற வருகிற மான்கள் பார்க்கட்டும் என்பதுதான் காரணம். கேட்டால், ஈரம் காயவேண்டாமா என்று பதில் வரும்.

மலையடிவாரத்தில் இருந்த ஒரு கூட்டத்தில் ஓடைச்சி என்ற பெண் யானை இருந்தாள். கூட்டத்தை நடத்திச் செல்பவள் அவளுடைய அக்கா மலைச்சி. ஓடைச்சிக்கு அந்த ஆண்டுதான் முதல் கன்று பிறந்திருந்தது. பெண் கன்று. மற்றக் கன்றுகளின் பாதி உயரம்கூட இல்லாததால், யானையாக இருந்தும் அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாசி முடியும் முன்பே ஓடை வற்றத் தொடங்கியது. ஆண்டுதோறும் அப்போது கூட்டம் கிழக்கே இருந்த பெரிய ஏரிக்குப் போகும். இடையில் ஒரு பகல் நடைதூரம் செம்மண் பொட்டல். அதில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரவில் கடக்கலாமே என்றால், பொட்டலெங்கும் வாய் பிளந்த பள்ளங்கள். இருட்டில் கால் வைத்தவர்கள் திரும்பி வந்ததில்லை. ஆகவே விடியலில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையை மிதித்துவிட வேண்டும். இதனால் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பொட்டலில் விழுந்தவருக்காக மற்றவர்கள் நிற்கமாட்டார்கள்.

அந்தக் கட்டுப்பாட்டை நினைத்தபோதெல்லாம் ஓடைச்சி கன்றின் கால்களைப் பார்த்தாள்.

"நடக்கப் பழக்கு" என்றாள் மலைச்சி. "இன்னும் இருபது நாள் இருக்கிறது. முதல்நாள் புற்றுவரை கூட்டிப் போ. பிறகு நரிப்பாறைவரை. கால் தானாக உரம் ஏறும்."

ஓடைச்சி அப்படியே செய்தாள். முதல்நாள் சிட்டு புற்றுவரை ஓடியே போய்த் திரும்பினாள். இரண்டாம் நாள் புற்றைத் தாண்டினாள். மூன்றாம் நாள் ஓரடிகூட எடுத்து வைக்காமல் நின்றுவிட்டாள்.

"கால் வலிக்கிறதா?"

"காலுக்கு ஒன்றும் இல்லை அம்மா. முதுகுதான் எரிகிறது."

ஓடைச்சி குனிந்து பார்த்தாள். கன்றின் முதுகிலும் காதோரங்களிலும் தோல் கன்றிச் சிவந்து, இரண்டு இடங்களில் கொப்புளம் கட்டியிருந்தது. அவள் தன் வயிற்றின் நிழலுக்குள் கன்றை இழுத்துக்கொண்டாள். நின்றால் நிழல் விழுந்தது. நடந்தால் நிழல் ஒரு பக்கமும் கன்று ஒரு பக்கமுமாக விலகிப் போயின. கால்களை எவ்வளவு பழக்கி என்ன, முதுகு இப்படியே இருந்தால் கன்று பொட்டலைத் தாண்டாது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்று பிற்பகல், கன்றை நாணல் நிழலில் கிடத்திவிட்டு, சதுப்பின் ஓரமாக அவள் நின்றிருந்தாள். கோரைக்குள் எதுவோ செருமியது. கோரையன் என்ற காட்டுப்பன்றி கழுத்துவரை சேற்றில் கிடந்தான்.

"என்ன அம்மணி, எங்கள் பக்கமெல்லாம் காற்று வாங்க வருகிறீர்கள்? சேறு தெறித்தால் குலம் கெட்டுவிடாதா?"

"கெடாது. நீ தெறிக்காமல் இருந்தால்."

கோரையன் சிரித்துக்கொண்டே எழுந்து, கரையேறி, கொளுத்தும் வெயிலில் பொட்டலை நோக்கி நடக்கத் தொடங்கினான். கிழங்கு தோண்டப் போகிறானாம். ஓடைச்சிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இந்த வெயிலிலா? முதுகு எரியாதா?"

"என் முதுகில் எங்கே வெயில் படுகிறது? சேற்றின்மேல் அல்லவா படுகிறது? எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி வைத்திருக்கிறேன்." அவன் திரும்பிக் கன்றைப் பார்த்தான். கேலி போய்க் குரல் மாறியது. "பாவம், வெந்துபோயிருக்கிறதே. கொப்புளம் ஆறட்டும். அப்புறம் புறப்படும் முன்பு காதுமடல் பின்புறம் முதற்கொண்டு ஓரிடம் விடாமல் பூசுங்கள். மெல்லிசாகப் பூசிவிட்டுப் போதும் என்று விடாதீர்கள். அப்புறம் முக்கியமாக ஒன்று, தண்ணீரில் இறங்கினால்—"

ஓடைப் பக்கமிருந்து மலைச்சியின் பிளிறல் கேட்டது. சேற்றுப் பன்றியோடு பேசிக்கொண்டிருப்பதை அக்கா பார்த்துவிடுவாளோ என்று ஓடைச்சிக்குத் திக்கென்றது. மீதியைக் கேளாமல் கன்றை எழுப்பிக்கொண்டு விரைந்துவிட்டாள்.

கொப்புளம் ஆற ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் முதல் ஓடைச்சி சதுப்பு வழியாகவே பயிற்சிக்குப் போனாள். ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கன்றுக்குச் சேறு பூசினாள். சிட்டுக்கு அது விளையாட்டாக இருந்தது. பூசிய இடத்திலேயே இன்னொரு முறை பூசச் சொன்னாள். நரிப்பாறை, அதற்கப்பால் வெள்ளைக்கல், அதற்கும் அப்பால் என்று நாளுக்கு நாள் தூரம் நீண்டது. திரும்பியதும் ஓடையில் இறக்கிச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் கூட்டத்துக்கு அழைத்து வந்தாள். மறுநாள் மறுபடி சேறு. மாலை மறுபடி குளியல்.

புறப்படும் நாள் வந்தது. அன்று மறைக்க முடியாது. தேய்த்துக் குளித்த பதினான்கு யானைகளின் நடுவே, சேறு அப்பிய ஒரு சின்னக் கன்று வந்து நின்றது.

யாரோ ஒருத்தி மூக்கைச் சுருட்டினாள். "நம் கூட்டத்தில் பன்றிக்குட்டி எப்போது சேர்ந்தது?"

"இது என்னடி கோலம்?" என்றாள் மலைச்சி.

"வெயிலுக்கு, அக்கா."

"நான் இருபத்தாறு கோடை கடந்திருக்கிறேன். எனக்கும் அதே வெயில்தான் அடித்தது."

"நீ முதல்முறை கடந்தபோது இவளைப்போல் இரண்டு பங்கு இருந்தாயாம்."

மலைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரி. கடைசியில் வா. வாடை என் பக்கம் வரவேண்டாம்."

நடந்தார்கள். வெயில் ஏற ஏறப் பெரியவர்களே காதை விசிறிக்கொண்டு முனகினார்கள். சிட்டு மட்டும் காலையில் புறப்பட்ட அதே நடையில் வந்துகொண்டிருந்தாள். கேலி செய்தவள்கூட இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

உச்சிப்பொழுதில், பாதிவழியில் ஒரு மணலாறு வந்தது. முழங்கால் அளவு தண்ணீர். குலவழக்கப்படி எல்லோரும் இறங்கினார்கள். சிட்டு ஓடிப்போய் நடுவில் புரண்டாள். ஓடைச்சி தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தினமும் மாலையில் கழுவிய கன்றுதானே. இத்தனை நாள் சேறு பூசிய தோல் இதற்குள் வெயிலுக்குப் பழகியிருக்கும் என்றே அவள் எண்ணினாள். கரையேறிய கன்று பளபளவென்று நின்றது.

"இப்போதுதான் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறாள்" என்றாள் மலைச்சி, அன்று முதல்முறையாக மனம் இளகி.

ஆற்றைத் தாண்டி முந்நூறு அடிகூடப் போகவில்லை. கொப்புளம் ஆறி முளைத்த இளந்தோல், பகலின் மிகக் கொடிய வெயிலில் வெறுமையாக இருந்தது. சிட்டு ஒருமுறை தள்ளாடினாள். பிறகு முன்கால் மடித்து உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்துவிட்டாள்.

கூட்டம் நின்றது. நிற்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மலைச்சியைப் பார்த்தார்கள்.

"எழுப்பிப் பார்" என்றாள் மலைச்சி.

"எழமாட்டாள்."

"ஓடைச்சி, பதினான்கு பேர் இருக்கிறோம். இருட்டிவிட்டால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியும் அக்கா. நீங்கள் போங்கள்."

மலைச்சி போகவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு மொட்டைக்கல்லைக் காட்டினாள். அதன் நிழல் அவள் காலிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. "அது என் காலைத் தொடும்வரை நிற்கிறேன். அதற்குமேல் என்னிடம் கேட்காதே."

தண்ணீரில் இறங்கினால் என்று தொடங்கிய பேச்சின் மீதி என்னவென்று ஓடைச்சிக்கு அப்போது விளங்கியது. சேறு தோலை மாற்றவில்லை. தோலின்மேல் இருந்தவரைதான் அது காவல். ஆற்றோடு போன கணமே காவலும் போய்விட்டது. மறுபடி பூச வேண்டும். ஆனால் சதுப்பு அரைப்பகல் தூரம் பின்னால் இருக்கிறது. ஆற்றிலோ வெறும் மணல். நான்கு பக்கமும் பார்த்தாள். காய்ந்து பொடிந்த செம்மண்ணைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

அவள் ஆற்றுக்கு ஓடினாள். துதிக்கை நிறையத் தண்ணீர் முகந்து வந்து கன்றின்மேல் மெல்ல ஊற்றினாள். ஈரம் காய்வதற்குள் குனிந்து, துதிக்கை நிறையச் செம்மண்ணை அள்ளி, அந்தச் சுத்தமான முதுகின்மேல் வீசினாள்.

"ஐயோ, குளித்த உடம்பில் மண்ணைப் போடுகிறாளே" என்றது ஒரு குரல்.

ஓடைச்சி நிறுத்தவில்லை. ஈரத்தில் மண் ஒட்டிக் குழம்பாகிப் பூச்சாக நின்றது. மீண்டும் ஓடினாள், தண்ணீர், மண். காதின் முன்புறம், பின்புறம், கழுத்து மடிப்பு, வால் முளைக்கும் இடம், ஒன்றையும் விடவில்லை. நிழல் மலைச்சியின் நகத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் இருந்தபோது, சிட்டு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, காதில் மண் போய்விட்டது."

"போகட்டும். எழுந்திரு."

கன்று முதலில் முட்டி போட்டு, பிறகு எழுந்தது. ஓடைச்சி மூச்சு வாங்கினாள். பிறகு, கூட்டமே பார்த்திருக்க, மிச்சமிருந்த மண்ணை அள்ளித் தன் முதுகிலும் போட்டுக்கொண்டாள். நிழல் மலைச்சியின் காலைத் தொட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

கூட்டம் அசையாமல் நின்றது. மலைச்சி மெல்ல நடந்து தங்கையின் அருகில் வந்தாள். இருபத்தாறு கோடையாக யாரிடமும் காட்டாத காதோரத்தைத் திருப்பிக் காட்டினாள். தோல் உரிந்து உரிந்து கிழிந்த துணிபோல் இருந்தது.

"எனக்கும் கொஞ்சம் போடடி. முதுகு எட்டவில்லை."

"உன் துதிக்கைக்கா எட்டவில்லை?"

"எட்டும். நீ போட்டால் நன்றாகப் படியும்."

ஓடைச்சி அக்காவுக்குப் போட்டாள். அக்கா அடுத்தவளுக்குப் போட்டாள். பன்றிக்குட்டி என்று சொன்னவள் தன் முறை வரும்வரை பொறுக்காமல் தானே அள்ளிக்கொண்டாள். பதினைந்து செம்மண் யானைகள் பொட்டலைக் கடந்து, கடைசி வெளிச்சத்தில் ஏரிக்கரையை மிதித்தன.

ஏரியில் எல்லோரும் ஆசைதீரக் குளித்தார்கள். வெயில் இறங்கிவிட்டிருந்தது, பூச்சுக்கு இனி அவசியமில்லை. ஆனால் சிட்டு கரையேறியதும், யாரும் சொல்லாமலே, குட்டித் துதிக்கையால் ஒரு பிடி மண்ணை அள்ளி முதுகில் எறிந்துகொண்டாள். பாதி முதுகில் விழுந்தது. பாதி மலைச்சியின் முகத்தில் விழுந்தது. மலைச்சி அதைத் துடைக்கவில்லை.

நாளடைவில் யானைத்தோலும் ஒத்துழைத்தது. மழமழவென்று இருந்தால் மண் நிற்பதில்லை என்று கண்டு, வரிவரியாகச் சுருங்கி, மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பழகியது. மினுமினுப்பு போயிற்று. அதற்காக எந்த யானையும் வருந்தியதாகத் தெரியவில்லை.

அந்தக் கோடையிலிருந்துதான், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும், கரையேறிய ஈரம் காய்வதற்குள் யானை மண்ணை அள்ளித் தன்மேல் போட்டுக்கொள்கிறது. கரையில் நின்று பார்ப்பவர்கள், இதற்குக் குளிக்காமலே இருக்கலாமே என்று சிரிப்பார்கள். யானை அதைக் காதில் வாங்குவதில்லை. காதின் பின்புறத்துக்கு இன்னும் மண் பூசி முடியவில்லை.