நிற்காத சர்வர்

"எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். திறக்க மாட்டேங்குது" என்றான் வியாகப்பன்.

பிரகாசி டீச்சர் சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள். வயதில் அவனுக்கு இளையவள். மத்தியான வெளிச்சம் பாலாகக் கலங்கிக் கிடந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை.

"என்னென்ன போட்டீரு?"

"பெஞ்சாதி பேரு. பிள்ளைய பேரு. மாதா பேரு. செத்துப்போன நாயி பேருகூட."

அட்மின் பாஸ்வேர்டு போன வாரம் அவனே மாற்றியது. எழுதி வைத்தால் எவனாவது பார்த்துவிடுவான் என்று நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். கைவிட்டுவிட்டது, பாவி நெஞ்சு!

மீனவர் சங்கத்தின் அந்தச் சர்வருக்குள்தான் பத்தொன்பது படகுகளின் சேட்டிலைட் போன் எண்கள் இருந்தன. புதுப் போன்கள், எண்கள் வேறெங்கும் இல்லை. படகெல்லாம் ஆழ்கடலில். நாளைக்குப் புயல்.

"சர்வரை நிறுத்தும்" என்றாள்.

வியாகப்பன் எழுந்து மெசினை மறித்து நின்றான்.

"நாலு வருசம் டீச்சர்! ஒரு நிமிசம் நின்னதில்ல. வியாகப்பன் மெசின் நிக்காதுன்னு ஊரே சொல்லும்."

"சொல்லட்டும்."

"நிறுத்தி, பெறவு எந்திரிக்கலன்னா?"

அவள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.

சிலுவை போட்டுக்கொண்டு நிறுத்தினான். மெசின் இரைச்சல் அடங்கியது. நாலு வருசத்தில் முதல்முறையாக அந்த அறைக்குள் அலைச் சத்தம் கேட்டது.

டீச்சர் எழுந்து வந்து, வெளியுலகத்துக்குப் போகிற நெட் கேபிளைப் பிடுங்கி அவன் மடியில் போட்டாள்.

"இப்ப எழுப்பும். வாறது யாருன்னு கேக்க வேண்டாம்னு சொல்லி எழுப்பும். கேபிள் இல்லாம வெளியாளு உள்ள வர முடியாது."

அவள் சொல்லச் சொல்லக் கட்டளையைத் தட்டினான்.

மெசின் விழித்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. பத்தொன்பது படகும் திரையில் வரிசையாக வந்து நின்றன. வியாகப்பன் அழுதுவிட்டான்.

"நான் மறந்த பாஸ்வேர்டும் இதுக்குள்ளதான எங்கியாவது கிடக்கும், டீச்சர்?"

"கிடக்காது. அது இன்னதுன்னு சர்வருக்கே தெரியாது. நீரு போடுறது சரியா தப்பான்னு மட்டுந்தான் தெரியும்."

அவனுக்கு மனசு ஆறவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவா இருந்திருக்கும்? அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா..."

டீச்சர் முதல் எண்ணை அழுத்திப் போனை அவன் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் வெறும் காற்று. வெகு நேரம் காற்று. அப்புறம் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்: "ஆரு?"

"கரைக்குத் திரும்புங்கலே!" என்று கத்தினான் வியாகப்பன்.